எச்சமா, தொல்பொருளா? பானையோட்டுக்கு எந்தப் பெயர் சரி?

திடல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மானாவாரி மேடு ஒன்று உண்டு. உழவு ஓட்டி ஒரு மழை பெய்துவிட்டால் போதும், கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் மண்ணுக்கு மேலே வந்துவிடும். தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னோம். அவர்கள் வந்து பார்த்துப் பதிவு செய்துகொண்டார்கள். மேலாகக் கிடந்த சில ஓடுகளைப் பள்ளியில் காட்சிக்கு வைக்கவும் சம்மதித்தார்கள்.

சிக்கல் தலைப்பில் வந்தது. பிள்ளைகள் அட்டையில் "நம்மூர்த் தொல்லெச்சங்கள்" என்று எழுதி வந்தார்கள். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "எச்சம் என்றால் காக்கை எச்சம்தான் ஞாபகம் வரும் சார், தொல்பொருட்கள் என்று மாற்றிவிடுங்கள்" என்றார். பிள்ளைகளுக்கு மனசே இல்லை.

எச்சம் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் என்ன? பழைய பொருட்களுக்கு அதைச் சொல்வது பொருத்தமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குறள்வழி எழுதியது:

எஞ்சு என்ற வினையிலிருந்து பிறந்தது எச்சம். எஞ்சுவது எச்சம். அஞ்சு அச்சம், மிஞ்சு மிச்சம் என்று வருவதைப் போலத்தான். மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறிப் பெயர்ச்சொல் ஆவது தமிழில் பெரிய குடும்பம்: தூங்கு தூக்கம், இரங்கு இரக்கம், வருந்து வருத்தம், விரும்பு விருப்பம். ஆக, எச்சத்தின் அடிப்படைப் பொருள் "எஞ்சி நிற்பது", அவ்வளவுதான். பறவைக் கழிவு என்பது அதன் ஒரு கிளைப்பொருள்.

வள்ளுவர் இந்தச் சொல்லை எத்தனை விதமாகக் கையாள்கிறார் பாருங்கள்.

"தக்கார் தகவிலர் என்ப தவரவர்
எச்சத்தாற் காணப் படும்" (114)

இங்கே எச்சம் என்றால் பிள்ளைகள் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். மு.வ. அதையே, ஒருவருக்குப் பின் எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்கிறார். 238-ஆம் குறளில் வள்ளுவரே "இசையென்னும் எச்சம்" என்று புகழை நேராக எச்சம் ஆக்கிவிடுகிறார். 674-இல் "தீயெச்சம்" வருகிறது. அணைத்த பிறகும் கிடக்கும் கங்கு அது. முடிக்காத வேலையும் முற்றாக ஒழிக்காத பகையும் அந்தக் கங்கு போலப் பின்னால் சுடும் என்கிறார். 1004-இல் இன்னும் கூர்மை: யாராலும் விரும்பப்படாமல் வாழ்ந்தவன், தனக்குப்பின் எஞ்சுவது என்று எதைத்தான் எண்ணிக்கொள்வானோ என்று கேட்கிறார்.

பிள்ளை, புகழ், கங்கு எல்லாம் எச்சம். ஒரு தாழியின் உடைந்த விளிம்பு மட்டும் எச்சம் ஆகக்கூடாதா? உங்கள் பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் ஐயா.

---

நொய்யலான் எழுதியது:

எச்சம் வடசொல் என்று எங்கோ படித்த ஞாபகம். யக்ஞம் என்பதுதான் எச்சம் ஆனது என்று. யாராவது தெளிவுபடுத்த முடியுமா?

---

இலக்கண அக்கா எழுதியது:

தம்பி, அது வேறு எச்சம். எழுத்து ஒன்று, சொல் இரண்டு. வேள்வியைக் குறிக்கும் எச்சம் யக்ஞத்திலிருந்து வந்தது. திருவாசகத்தில் "தக்கனையும் எச்சனையும் தலையறுத்து" என்று வருகிறதே, அந்த எச்சன் வேள்வித் தலைவன். சென்னைப் பல்கலைக்கழக அகராதியும் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. இங்கே நாம் பேசுவது எஞ்சு என்ற வேரில் வந்த எச்சம். அதற்குத் திராவிட மொழிகள் முழுக்கச் சொந்தம் உண்டு. நம் எச்சில், மலையாளத்திலும் எச்சில். கன்னடத்தில் எஞ்சலு. தெலுங்கில் எங்கிலி. உண்டபின் எஞ்சியது எச்சில்.

தலைமையாசிரியரின் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. சோற்றில் எஞ்சியது எச்சில், அது தீட்டு. பறவை உண்டதில் எஞ்சியது எச்சம், அது அசுத்தம். சாப்பாட்டோடு ஒட்டிய இந்த அருவருப்புத்தான் மொத்தச் சொல்லின் மேலும் படிந்துவிட்டது. சொல்லுக்குள் அந்த அழுக்கு முதலில் இருந்ததில்லை.

ஆனால் "குறை" என்ற பொருள் பழைய காலத்திலேயே உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். புறநானூறு 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் "எண்பேர் எச்சம்" என்று எட்டு வகை உடற்குறைகளைப் பட்டியலிடுகிறார். முழுமையிலிருந்து ஏதோ ஒன்று விடுபட்டது எச்சம் என்ற எண்ணம் அது. இன்றைக்கு மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. ஆனால் சொல்லின் உள்ளே "எஞ்சியது", "விடுபட்டது" என்ற இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன என்பதற்கு அந்தப் பாட்டு சாட்சி.

இப்போது இலக்கணத்துக்கு வருகிறேன். வகுப்பில் நான் விரும்பி நடத்தும் பகுதி இது. "உடைந்த" என்று சொல்லி நிறுத்துங்கள். கேட்பவர் மனம் "எது?" என்று கேட்கும். அது பெயரெச்சம். "உடைந்து" என்று நிறுத்துங்கள். "என்ன ஆயிற்று?" என்று கேட்கும். அது வினையெச்சம். தொல்காப்பியர் இவற்றைப் பெயரெஞ்சு கிளவி, வினையெஞ்சு கிளவி என்றே சொல்கிறார். தன்னை முடித்துவைக்கும் இன்னொரு சொல்லுக்காகக் காத்து நிற்பதுதான் எச்சம். சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்றுதான் பெயர். முந்திய இயல்களில் சொல்லாமல் எஞ்சியவற்றைத் தொகுத்துச் சொல்வதால் அந்தப் பெயர்.

திடல்மண் ஐயா, உங்கள் ஓட்டை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். அது எந்தப் பானை, எவ்வளவு பெரிசு, உள்ளே என்ன இருந்தது என்று அடுத்த நொடி கேட்பான். அந்தக் கேள்வியை எழுப்புகிற சொல் எச்சம். "தொல்பொருள்" என்றால் பழசு என்பதோடு முடிந்துவிடும்.

---

காரைவீடு எழுதியது:

அக்கா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய பொருள் விற்கும் கடைகளுக்கு வந்து பாருங்கள். மரவை என்கிற அரக்குப் பூசிய மரப்பாத்திரம், எனாமல் தூக்கு, பர்மாத் தேக்குத் தூண், ரவிவர்மா அச்சுப்படம், பெல்ஜியம் கண்ணாடி. கடைக்காரர் எதையும் எச்சம் என்று சொல்லமாட்டார். பழைய சாமான், இல்லாவிட்டால் ஆன்டிக். இரண்டே சொல்.

வீட்டில் பங்கு பிரிக்கும்போது பெட்டகசாலையைத் திறப்பார்கள். ஆச்சி சீதனமாகக் கொண்டுவந்த வெள்ளோட்டுச் சாமான், மரவை, கொட்டான் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு மரவையைக் கையில் எடுத்தால் இன்றும் அரக்குப் பூச்சு மினுங்கும். மூடி சரியாகப் பொருந்தும். இன்று சாயங்காலமே அதில் பலகாரம் போட்டு வைக்கலாம். அதைப் போய் எச்சம் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோபம்தான் வரும். எது எஞ்சியது? முழுசாக இருக்கிறது, ஆளும் முழுசாக இருக்கிறார்கள். அது வீட்டுச் சாமான்.

---

இலக்கண அக்கா எழுதியது:

அண்ணே, உங்கள் மரவையை நானும் எச்சம் என்று சொல்ல மாட்டேன். புழக்கத்தில் இருக்கிற பொருள் எச்சம் ஆகாது. நான் சொல்ல வந்ததும் அதுதான்.

---

கச்சேரிவாசல் எழுதியது:

வழக்கறிஞன் என்ற முறையில் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இதில் குழப்பம் இருந்தால் பள்ளிக்குத்தான் வம்பு.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத நாணயம், சிற்பம், கல்வெட்டு, கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை மதிப்புள்ள ஏட்டுச்சுவடி, கையெழுத்துப்படி என்றால் 75 ஆண்டு போதும். அதாவது சட்டத்தின் முதல் கேள்வி வயது. முழுசா உடைசலா என்பது அடுத்த பேச்சு. காரைவீடு அண்ணன் சொன்ன ஆச்சி வீட்டுச் சாமானில் நூறு தாண்டியது எதுவானாலும், பலகாரம் போட்டு வைத்திருந்தாலும் அது தொல்பொருள் என்ற வரையறைக்குள் வர இடமுண்டு.

இன்னொன்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் விலையுள்ள பொருள், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், கண்டெடுத்தவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வயலில் ஏர் ஓட்டும்போது செப்புத்திருமேனி கிடைத்தால் தாசில்தாருக்கு ஆள் ஓடுவது இதனால்தான். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் இன்றும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

திடல்மண் சார் துறைக்கு முன்கூட்டியே சொன்னது மிகச் சரி. மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: மேலே கிடப்பதைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், தகவல் சொல்லலாம். தோண்டக் கூடாது. தோண்டினால் அந்த இடத்தின் மண்ணடுக்கு கலைந்துவிடும். எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் ஒருமுறை போனால் போனதுதான்.

---

பரம்புக்காரன் எழுதியது:

ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து ஆள் நான். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த அந்த மேட்டுக்கு எங்கள் பக்கம் பரம்பு என்றுதான் பெயர். 114 ஏக்கர். 1876-இல் ஜெர்மன்காரர் யாகோர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டம், இரும்பு வாள், வெண்கலக் குவளை என்று அவர் எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அறிஞர்கள் என்ன பெயர் வைத்தாலும் ஊர்க்காரர்கள் முன்பே ஒரு பெயர் வைத்திருப்பார்கள். முதுமக்கள் தாழி என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதை ஊரில் மதமதக்கத் தாழி என்பார்கள். வயசாகி ஒடுங்கிப்போன கிழவன் கிழவியை உயிரோடு அதில் உட்காரவைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடிவிடுவார்களாம். அப்படி ஒரு கதை ஊருக்கு ஊர் உண்டு. வடக்கே போனால் கல்திட்டையைப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். பலகைக் கல்லை நிறுத்தி மூடிய சின்ன அறையைப் பார்த்தவர்கள், இதில் யார் குடியிருந்திருப்பார் என்று தங்களையே கேட்டு, பதிலும் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

கதை தப்பாக இருக்கலாம். ஆனால் தாழிக்கு என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். புறநானூற்றிலேயே ஈமத்தாழி என்று வருகிறது, 256-ஆம் பாட்டு. காட்டுவழியில் கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனைக் கூப்பிட்டுக் கேட்கிறாள்: வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லிபோல அவனோடு பல வழி கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அந்தத் தாழியை அகலமாக வனைந்து தா என்று. அந்தப் பாட்டைப் படித்துவிட்டு எங்கள் பரம்பில் நின்று ஒரு தாழியின் வாயைப் பார்த்தவனுக்கு எச்சம், தொல்பொருள் இரண்டுமே சின்னச் சொல்லாகத்தான் தெரியும். தாழியைத் தாழி என்றே எழுதுங்கள். பெயர் தெரியாததற்குப் பொதுப்பெயர் தேடலாம்.

---

வலிகாமத்தாள் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இந்தச் சொற்களின் புழக்கம் கொஞ்சம் வேறு. பழைய கட்டடம், கல்வெட்டு போன்றவற்றைத் தொல்பொருட் சின்னம், மரபுரிமைச் சின்னம் எண்டு சொல்லுவம். அருங்காட்சியகம் எண்டு நீங்கள் சொல்லுறது எங்களுக்கு நூதனசாலை. பழசு இருக்கிற இடத்துக்கு நூதனம் எண்ட பெயர் எப்படி வந்தது எண்டு சின்ன வயசில் யோசிச்சிருக்கிறன். காணாததைக் காட்டுகிற இடம் எண்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் எச்சம் எண்ட சொல் இப்ப எங்களுக்கு வேறு பாரத்தோடு வருகுது. எங்கட பத்திரிகையில் "மனித எச்சங்கள்" எண்டு போட்டால் யாருக்கும் காக்கையும் ஞாபகம் வராது, ஆயிரம் வருசத்துக்கு முந்திய தாழியும் ஞாபகம் வராது. 2018-இல் மன்னாரில் சதொச கடை வளாகத்தில் மனிதப் புதைகுழியைத் தோண்டினார்கள். 2025-இல் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டினார்கள். சின்னப்பிள்ளைகளின் எலும்புகளும் வந்தது. ஒரு நீலப் புத்தகப் பை வந்தது, விளையாட்டுப் பொம்மை வந்தது, பால் போத்தல் வந்தது. நீதிமன்ற அனுமதியோடு அந்தச் சான்றுப் பொருட்களைச் சனம் வந்து பார்த்து அடையாளம் சொல்ல ஒரு நாள் ஒதுக்கினார்கள். தாய்மார் வரிசையில் நிண்டு பார்த்தார்கள்.

அந்தப் பையை எந்தச் சட்டத்தில் தொல்பொருள் எண்டு சொல்லுவியள்? நூறு வருசம் ஆகவில்லை. எச்சம் எண்டுதான் சொல்லலாம். அக்கா சொன்னதுபோல அது முடிக்கப்படாமல் நிக்குது. எச்சம் எண்டால் பழசு எண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ எண்டு கேட்கவே இதை எழுதினேன்.

---

இலக்கண அக்கா எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்ச முடியவில்லை. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எச்சத்துக்கு வயது கிடையாது. எது போயிற்று என்பதை வைத்துத்தான் அது எச்சம் ஆகிறது.

---

கருவேலங்காடு எழுதியது:

இரண்டு நாளாக இழையைப் படித்துவருகிறேன். ஒரு கேள்வி. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடாரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கல் உடையவில்லை, முழுசாக இருக்கிறது. இன்றும் கையில் பிடித்தால் பிடிக்குள் உட்காரும், ஓரம் வெட்டும். அப்படியானால் அது எச்சமா இல்லையா? அக்காவின் கணக்குப்படி முழுப்பொருள் எச்சம் ஆகாதே?

---

குறள்வழி எழுதியது:

நல்ல கேள்வி. பொருள் முழுசாக இருந்தாலும் அதைப் பிடித்த கை இல்லை. அந்தக் கல்லால் என்ன அறுத்தார்கள், எப்படி இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அதற்கு என்ன பேர் சொன்னார்கள் என்ற எதுவும் இல்லை. ஒரு வாழ்க்கை முழுக்கப் போய், அதில் கல் மட்டும் எஞ்சியது. எனவே எச்சம்தான். காரைக்குடி மரவைக்கு அப்படி இல்லை. அதை எப்படிப் பிடிப்பது, எதற்கு வைப்பது, எந்தச் சடங்கில் எடுப்பது என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது.

---

கருவேலங்காடு எழுதியது:

அப்படியானால் நடுகல்? தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் பல்லவர் காலத்து நடுகல்லையெல்லாம் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். யாருக்காக நட்ட கல் என்பது கும்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. வட்டெழுத்தைப் படிக்கவும் தெரியாது. ஆனால் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், பிள்ளைக்கு அந்தப் பேர் வைக்கிறார்கள். அது எச்சமா, இல்லையா?

---

பரம்புக்காரன் எழுதியது:

அது சாமி தம்பி. அதற்கு மேல் வகை பிரிக்க நமக்கு வேலையில்லை.

---

கச்சேரிவாசல் எழுதியது:

சாமிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கல் திருடுபோனால், அப்போது அது தொல்பொருள் என்று வழக்குப் போட்டால்தான் மீட்க முடியும். 2025-இல் நடந்ததைப் பார்த்தோமே. 1898-இல் உத்தரப்பிரதேசத்தின் பிப்ரவாவில் ஒரு தூபிக்குள் பெப்பே என்ற தோட்டத்துரை எடுத்த மணிகளும் கற்களும் புத்தரின் எலும்புத் துண்டுகளோடு சேர்த்து வைக்கப்பட்டவை. எலும்புகள் சயாம் மன்னருக்குக் கொடுக்கப்பட்டன. மணிகளில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரு பங்கு பெப்பே குடும்பத்திடமே இருந்தது. அந்தப் பங்கை ஹாங்காங்கில் ஏலம் விடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். இந்திய அரசு எதிர்த்ததும் ஏலம் நின்றது. ஜூலையில் அவை இந்தியா வந்து சேர்ந்தன.

ஏலக்காரருக்கு அவை நகை. பௌத்தருக்கு அவை தாது. எலும்போடு சேர்த்து அடக்கம் செய்த மணியையும் எலும்பைப் போலவே வணங்குகிறவர்கள் அவர்கள். தூபிக்குள் கிடைத்த சிமிழில் பிராமி எழுத்தில் உடலைக் குறிக்கும் சொல்லே இருக்கிறது. என்ன பெயர் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் அதை விற்கலாமா கூடாதா என்ற பேச்சே வருகிறது. அதனால் பெயர் பற்றிய இந்த இழையை வெறும் சொல் விளையாட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

---

சாந்தோம் மணி எழுதியது:

எங்கள் கத்தோலிக்க வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புனிதர்களின் எலும்பு, உடை போன்றவற்றைத் திருப்பண்டம் என்போம். அருளிக்கம் என்றும் ஒரு சொல் உண்டு. உச்சரித்துப் பாருங்கள், ரெலிக் என்ற மேல்நாட்டு ஒலியும் காதில் விழும், அருளும் உள்ளே இருக்கும். அந்த மேல்நாட்டுச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் "எஞ்சியவை" என்றுதான் பொருள். ஆனால் பலிபீடத்தில் வைத்து முத்தி செய்யும் ஒன்றை எங்கள் பெரியவர்கள் எச்சம் என்று சொல்லியிருக்கவே மாட்டார்கள். பண்டம் என்றார்கள், முன்னால் திரு சேர்த்தார்கள்.

---

நொய்யலான் எழுதியது:

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, தொல் என்ற சொல்லையும் பார்த்துவிடலாமே. தொல்பொருள் என்றால் கௌரவமாக இருக்கிறது என்கிறார் தலைமையாசிரியர். தொல் என்பதிலிருந்து வந்த தொல்லை இன்று என்ன ஆனது? "தொல்லை இரும்பிறவி" என்று திருவாசகத்தின் முகப்பு வெண்பாவில் வருவது பழமையான பெரும் பிறவி. இன்று தொல்லை என்றால் உபத்திரவம். எச்சம் கெட்டதைப் போலவே அதுவும் கெட்டது. ஒன்றின் பேரில் கூச்சப்பட்டால் மற்றதன் பேரிலும் கூச்சப்பட வேண்டும்.

---

குறள்வழி எழுதியது:

பழையது என்பதையும் சேருங்கள் நொய்யலான். காலையில் "பழையது இருக்கா?" என்று கேட்டால் சோறு என்று எல்லா வீட்டிலும் புரியும். அதில் கெடுதல் எதுவும் ஏறவில்லை. இரவு எஞ்சியதை மண்சட்டியில் நீர் ஊற்றி வைத்தது, காலையில் முதல் உணவு. எஞ்சுவது எல்லாமே இழிவு என்று தமிழர் நினைத்ததில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஆதாரம் வேண்டாம்.

சென்னையில் அந்தக் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். விலங்குக் காட்சிசாலை உயிர் காலேஜ். 1855-இல் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை முதலில் அருங்காட்சியக வளாகத்திலேயே இருந்தது. சனங்கள் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தங்களுக்கு வேண்டிய பெயரை வைத்துக்கொண்டார்கள். அருங்காட்சியகம் என்ற சொல் நிலைபெற்றது பிறகுதான். உங்கள் அட்டையில் எச்சம் என்று பத்து வருடம் இருந்தால், அந்த ஊரில் எச்சத்துக்கு அதுதான் முதல் பொருள் ஆகிவிடும்.

---

காரைவீடு எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் நாள் சிரிப்பானே, அதற்கு என்ன வழி?

---

இலக்கண அக்கா எழுதியது:

சிரிக்கட்டும் அண்ணே. சிரித்த பிள்ளையைக் கூப்பிட்டு, "உடைந்த" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதும். இலக்கண வகுப்பும் நடந்துவிடும், வரலாற்று வகுப்பும் நடந்துவிடும்.

---

திடல்மண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை அச்செடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். வலிகாமத்தாள் அவர்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு காக்கை பற்றிப் பேசவில்லை.

இப்போது செய்திருப்பது இதுதான். மேலே "நம்மூர்த் தொல்லெச்சங்கள்" என்ற பிள்ளைகளின் தலைப்பே இருக்கும். கீழே ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயர்: தாழி விளிம்பு, கருப்பு-சிவப்புக் கிண்ணத்தின் அடி, இரும்புக் கசடு. தாழி விளிம்பில் குயவர் கட்டைவிரலால் வரிசையாக அழுத்திய பள்ளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளத்திலும் இன்றைய பிள்ளையின் விரல் சரியாக உட்காருகிறது. அந்த ஒரு ஓட்டை மட்டும் தொட்டுப் பார்க்க விடலாமா என்று துறை அலுவலரிடம் கேட்டிருக்கிறோம். ஒரு பெண்பிள்ளை வீட்டிலிருந்து பாட்டியின் அரிவாள்மணையைக் கொண்டுவந்தாள். அதைத் தனி மேசையில் "புழக்கத்தில் உள்ளவை" என்று வைத்துவிட்டு, வாரக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பாட்டிக்குக் கீரை அரிய வேண்டுமாம்.

கடைசியாக ஒன்று. தலைப்பை எழுதப் பெயிண்டர் வந்து நிற்கிறார். தொல்லெச்சங்கள் என்று சேர்த்து எழுதுவதா, தொல் எச்சங்கள் என்று பிரித்தா?

---

இலக்கண அக்கா எழுதியது:

சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். லகரம் இரட்டிக்கும், தொல்லெச்சங்கள். அவசரத்தில் ஒற்றை ல போட்டு "தொலெச்சங்கள்" என்று எழுதிவிடாமல் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்.